வலது ஓரத்தை மட்டும் அசையுங்கள்: விண்டோஸும் லினக்ஸும் குடியிருக்கும் கணினியில் பார்ட்டிஷன் அளவை மாற்ற முழுமையான வழிகாட்டி

கடந்த ஐப்பசியில் ஒரு மதியம், குளச்சலிலிருந்து கல்லூரி மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, லினக்ஸில் இடம் தீர்ந்துவிட்டது. விண்டோஸ் பக்கம் 300 ஜிபி சும்மா கிடக்கிறது. அதில் 100 ஜிபியை இந்தப் பக்கம் சேர்க்க ஜிபார்ட்டடில் எல்லாம் இழுத்து வைத்துவிட்டேன். இனி அப்ளை மட்டும்தான். அழுத்தட்டுமா?"

நாகர்கோவிலில் அப்போது இடி முழங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் அதற்குள் இரண்டு முறை கரண்ட் போய் வந்திருந்தது. "அழுத்தாதே. கீழே காத்திருக்கும் வேலைகளின் பட்டியலைப் படித்துக் காட்டு" என்றேன். ஜிபார்ட்டட் என்பது பார்ட்டிஷன்களை, அதாவது வட்டைப் பிரித்து வைத்திருக்கும் பாகங்களை, மாற்ற உதவும் லினக்ஸ் செயலி. அது காட்டிய பட்டியலின் இரண்டாவது வரியில் 'மூவ்' என்ற சொல் இருந்தது. லினக்ஸ் பார்ட்டிஷனை இடப்பக்கம் நகர்த்து என்று அதற்குப் பொருள். எல்லாவற்றையும் அன்டூ செய்யச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை கணினியோடு வீட்டுக்கு வரச் சொன்னேன்.

அவள் செய்ய நினைத்ததில் தவறில்லை. ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்களை வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒரு நாள் இந்தத் தேவை வந்தே தீரும். நிறுவும் நாளில் எவ்வளவு இடம் வேண்டும் என்பது நம்மில் யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் இந்த வேலைக்கு ஆபத்தில்லாத வழி ஒன்றும் ஆபத்தான வழி ஒன்றும் உண்டு. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இடது ஓரமும் வலது ஓரமும்

நம் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை விளையை, அதாவது தோப்பை, வைத்துச் சொன்னால் உடனே புரியும். ஒரு தென்னைவிளையை அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்திருக்கிறார்கள். மேற்குப் பாதி அண்ணனுக்கு, கிழக்குப் பாதி தம்பிக்கு. அண்ணன் தன் கிழக்கு ஓரத்தில் ஐந்து சென்டை விட்டுக்கொடுக்க வேண்டுமானால், அந்த ஓரத்தில் குவித்து வைத்திருக்கும் தேங்காயை உள்ளே தள்ளிவிட்டு வேலியை நகர்த்தினால் போதும். தம்பியின் நிலைமை வேறு. அவர் விளையில் ஒவ்வொரு தென்னையும் தன் மேற்கு எல்லைக்கல்லிலிருந்து இத்தனை அடி என்று ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கல்லை ஐந்து சென்ட் மேற்கே நட்டால் ஏட்டில் உள்ள எல்லாத் தூரமும் தவறாகிவிடும். ஏட்டை மாற்றி எழுத வழியில்லை என்றால், ஒவ்வொரு மரத்தையும் பிடுங்கி மேற்கே தள்ளி நட்டாக வேண்டும்.

வட்டிலும் இதுதான் நடக்கிறது. ஒரு பார்ட்டிஷனுக்குள் இருக்கும் கோப்பு அமைப்பு, ஒவ்வொரு கோப்பின் இடத்தையும் அந்தப் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து எண்ணுகிறது. முடிவை, அதாவது திரையில் தெரியும் வலது ஓரத்தை மாற்றினால் ஏட்டில் சில வரிகள்தான் மாறும்; விரிவாக்குவதென்றால் சில நொடிகளில் முடிந்துவிடும். தொடக்கத்தை, அதாவது இடது ஓரத்தை மாற்றினால் உள்ளே இருக்கும் தரவு முழுவதையும் படித்து, வேறு இடத்தில் எழுத வேண்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இதற்குப் பல மணி நேரம் ஆகலாம். பாதியில் கரண்ட் போனால் பாதித் தரவு பழைய இடத்திலும் மீதி புதிய இடத்திலுமாகக் கிடக்கும். எந்த ஏடும் அதற்குப் பொருந்தாது.

எனக்கு இது நடந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை மாலையில், வீட்டு டெஸ்க்டாப்பில் இப்படி இடது ஓரத்தை நகர்த்திக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி பழையது. இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. என் அம்மாவின் அறுபதாம் பிறந்தநாள் படங்கள் அந்த வட்டில் மட்டுமே இருந்தன. வளைகுடாவில் இருக்கும் தம்பியின் தொலைபேசியில் கிடைத்த பதினொரு படங்கள் தவிர மற்றவை திரும்பி வரவில்லை. அதன் பிறகு நான் வைத்திருக்கும் விதி ஒன்றே: வேலையைத் திட்டமிடும்போதே எந்தப் பார்ட்டிஷனின் இடது ஓரமும் அசையாதபடி திட்டமிட வேண்டும். முக்கால்வாசி நேரம் அப்படி ஒரு வழி இருக்கிறது.

முதலில் வரைபடம்

எதையும் தொடுவதற்கு முன் உங்கள் வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தாளில் வரையுங்கள். விண்டோஸ் விசையோடு எக்ஸ் விசையை அழுத்தினால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கும். மாணவியின் 1 டிபி வட்டு விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிந்தது. வட்டு தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. எதுவும் காணாமல் போகவில்லை. இடமிருந்து வலமாக அவள் வட்டில் இருந்தவை: கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷன், 780 ஜிபி சி டிரைவ், 150 ஜிபி லினக்ஸ், கடைசியில் விண்டோஸின் ரெக்கவரி பார்ட்டிஷன். இவற்றோடு மைக்ரோசாஃப்ட் ஒதுக்கி வைக்கும் 16 எம்பி துண்டு ஒன்றும் உண்டு; டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் காட்டாது, ஜிபார்ட்டட் காட்டும். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸ் பெயரில்லாத ஒரு பெட்டியாகத்தான் காட்டும், ஏனென்றால் அதற்குள் இருப்பதை விண்டோஸால் படிக்க முடியாது. அதன் மேல் வலது கிளிக் செய்தால் 'டிலீட் வால்யூம்' வரும். அந்தப் பக்கம் சுட்டியைக் கொண்டு போகவே வேண்டாம். "இந்த வட்டைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று எப்போதாவது ஒரு பெட்டி எழுந்தால், கேன்சல்.

அடுத்து, எந்தப் பாகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதிய பார்ட்டிஷன் அட்டவணை உங்கள் வட்டில் ஜிபிடி வகையா எம்பிஆர் வகையா என்று பாருங்கள். இடப்பக்கம் 'டிஸ்க் 0' என்று எழுதிய இடத்தில் வலது கிளிக் செய்து, பிராபர்ட்டீஸில் வால்யூம்ஸ் பகுதிக்குப் போனால் தெரியும். கணினியைத் தொடங்கி வைக்கும் புதிய முறையான யூஇஎஃப்ஐயை விண்டோஸ் 11 கேட்பதால் அதோடு வந்த கணினிகள் ஜிபிடிதான். எம்பிஆர் பழையது. 1983இல் பிசி டாஸ் 2.0 காலத்தில் வந்தது. நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் அனுமதிக்காது. தமிழக அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் நம் ஊர் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வயதுக் கணினி என்றால் எம்பிஆராக இருக்க வாய்ப்பு அதிகம். எம்பிஆர் வட்டில் ஏற்கெனவே நான்கு இடமும் நிரம்பியிருந்து, விண்டோஸில் புதிய பார்ட்டிஷன் உருவாக்கப் போனால், "வட்டை டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா" என்று அது கேட்கும். இல்லை என்று சொல்லுங்கள். மாற்றிவிட்டால் லினக்ஸ் அந்த வட்டிலிருந்து எழும்பாது. பழையபடி மாற்றுவது பெரும்பாடு.

தொடுவதற்கு முன் நான்கு காரியங்கள்

பேக்கப் இல்லாமல் தொடங்காதீர்கள். இழந்தால் திரும்பக் கிடைக்காத கோப்புகளை வெளி வட்டு ஒன்றுக்கு நகலெடுங்கள். அதே வட்டின் வேறொரு பார்ட்டிஷனுக்கு நகலெடுப்பது பேக்கப் ஆகாது. நகலெடுத்ததும் வெளி வட்டை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து படங்களையும் ஒரு பெரிய வீடியோவையும் திறந்து பாருங்கள். பெரிய வெளி வட்டு கைவசம் இருந்தால் குளோன்ஸில்லா என்ற கருவி மூலம் முழு வட்டையும் ஒரு பிம்பமாக எடுத்து வைப்பது இன்னும் நல்லது. எது கெட்டாலும் இன்றைய நிலைக்கே திரும்பிவிடலாம்.

அடுத்தது வட்டின் உடல்நிலை. லினக்ஸில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து, மெனுவில் ஸ்மார்ட் தகவலைப் பாருங்கள். 'கரன்ட் பெண்டிங் செக்டர்' என்ற வரிக்கு எதிரே பூஜ்யம் இல்லாமல் வேறு எண் இருந்தால், படிக்க முடியாத இடங்கள் வட்டில் இருக்கின்றன என்று பொருள். அந்த வட்டில் அளவு மாற்றும் வேலையே வேண்டாம். கோப்புகளை வெளியே எடுத்துவிட்டுப் புதிய வட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, சாவி. விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் சி டிரைவ் மறைகுறியாக்கப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். உரிமையாளருக்கே அது தெரியாது. 2024இல் வந்த 24எச்2 பதிப்பு முதல், புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பெரும்பாலும் அது தானாகவே இயங்கிவிடுகிறது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள். இயங்கிக்கொண்டிருந்தால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்திருக்கும் 48 இலக்க ரெக்கவரி சாவியைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கணினிக்குள்ளேயே ஒரு கோப்பில் சேமித்து வைப்பதால் பயனில்லை. பார்ட்டிஷன்களையோ பூட் அமைப்பையோ மாற்றிய பிறகு விண்டோஸ் இந்தச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பதைத் திறக்க யாராலும் முடியாது. விண்டோஸின் மறைகுறியாக்கக் கருவியான பிட்லாக்கரின் பக்கம் தெரிகிற கணினிகளில் 'சஸ்பெண்ட் புரொடெக்ஷன்' கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

நான்காவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயங்கிக்கொண்டிருந்தால், விண்டோஸை 'ஷட் டவுன்' செய்தாலும் அது முழுமையாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் சி டிரைவின் கணக்குகள் மூடப்படாமல் கிடக்கும். லினக்ஸ் பக்கத்திலிருந்து அதில் எழுதினால் கோப்புகள் சிதையும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதற்குள் பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம். அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறியை எடுத்துவிடுங்கள். இரண்டு இயங்குதளங்கள் இருக்கும் (டூயல் பூட்) கணினியில் அதை நிரந்தரமாகவே அணைத்து வைக்க வேண்டும் என்பது என் கருத்து. சில நொடி வேகத்துக்காகக் கோப்புகளைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

கரண்டும் இடியும்

தமிழ்நாட்டில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளையும் நன்றாகப் பெறும் மாவட்டம் நம்முடையது. கோடை மழையும் ஐப்பசி மழையும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் இடியோடு இறங்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வந்து போன பிறகு எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். எனவே இந்த வேலையை வானம் தெளிந்த காலைப் பொழுதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினி என்றால் பேட்டரியை முழுவதும் ஏற்றி, சார்ஜரையும் செருகி வையுங்கள். பேட்டரி தேய்ந்துபோய் சார்ஜரைக் கழற்றியதும் அணைந்துவிடும் கணினி என்றால், அதை டெஸ்க்டாப்பாகவே கருத வேண்டும். டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ் வேண்டும். வேலைக்கு முந்தின நாளே அதன் சுவர் இணைப்பைக் கழற்றி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று சோதியுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தச் சிறு இடைவெளியில் மின்விசிறிக்கு ஒன்றும் ஆகாது. கணினி அணைந்து மறுபடி தொடங்கிவிடும். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் 'யூபிஎஸ் மோட்' என்றொரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் மாற்றம் விரைவாக நடக்கும். அதையும் முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

விண்டோஸைச் சுருக்குவது

சி டிரைவை விண்டோஸுக்குள்ளிருந்தே சுருக்குங்கள். ஜிபார்ட்டடாலும் முடியும்தான், ஆனால் மறைகுறியாக்கப்பட்ட டிரைவை அதனால் சுருக்க முடியாது. தன் வீட்டின் சாமான் எங்கே இருக்கிறது என்பது வீட்டுக்காரருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

முதலில் சி டிரைவின் மேல் வலது கிளிக், பிராபர்ட்டீஸ், டூல்ஸ், செக். பிழை இருந்தால் சரிசெய்யட்டும். பிறகு ரீசைக்கிள் பின்னைக் காலி செய்து, டிஸ்க் கிளீனப் ஓட்டுங்கள். அடுத்து டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவின் மேல் வலது கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்'. எவ்வளவு சுருக்க வேண்டும் என்பதை எம்பி கணக்கில் கேட்கும். ஒரு ஜிபிக்கு 1024 எம்பி. 100 ஜிபி வேண்டுமென்றால் 102400.

இங்கேதான் பலரும் திகைத்து நின்றுவிடுகிறார்கள். 300 ஜிபி காலியாக இருக்கும், ஆனால் சுருக்கக்கூடிய அளவு 12 ஜிபி என்று விண்டோஸ் சொல்லும். மாணவியின் கணினியிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. அவள் ஜிபார்ட்டடுக்குப் போனதே அதனால்தான். காரணம், நகர்த்த முடியாத சில கோப்புகள் நடுவிலோ வலது ஓரத்துக்குப் பக்கத்திலோ உட்கார்ந்திருக்கும். நினைவகத்துக்கு உதவும் பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரீஸ்டோர் எடுத்து வைக்கும் நகல்கள் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. விண்டோஸ் ஓடும்போது அவை பயன்பாட்டில் இருப்பதால் அவற்றைத் தாண்டிச் சுருக்க அது மறுக்கிறது.

இதற்கு வழி, அவற்றைத் தற்காலிகமாக நீக்குவதுதான். சிஸ்டம் பிராபர்ட்டீஸில் 'சிஸ்டம் புரொடெக்ஷன்' பகுதிக்குப் போய் சி டிரைவுக்கு அதை அணையுங்கள். இப்போதுள்ள ரீஸ்டோர் பாயிண்டுகள் போய்விடும்; பேக்கப் கையில் இருப்பதால் கவலையில்லை. அதே சாளரத்தில் அட்வான்ஸ்ட், பெர்ஃபார்மன்ஸ், விர்ச்சுவல் மெமரி என்று போய், 'நோ பேஜிங் ஃபைல்' தேர்ந்தெடுங்கள். ஹைபர்னேஷனை நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் பிராம்ப்டில் அணைக்க வேண்டும். மூன்றும் முடிந்ததும் கணினியை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ஷ்ரிங்க் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எண் பல மடங்கு ஏறியிருக்கும். மாணவியின் கணினியில் 12 என்பது 190 ஆனது.

அப்போதும் ஏறவில்லை என்றால் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன் பதிவுகளில் 259 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் தேடுங்கள். வழிமறித்து நிற்கும் கடைசிக் கோப்பின் பெயர் அதில் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் அறிந்த கோப்பு என்றால் வெளி வட்டுக்கு மாற்றிவிட்டு மறுபடி முயலலாம்.

விண்டோஸ் பக்கம் எவ்வளவு விட வேண்டும்? பெரிய அப்டேட்டுகள் இறங்கவும் விரியவும் இடம் வேண்டும். டிரைவின் அளவில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும் என்பேன். எப்படியும் 40 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். சுருக்கி முடித்ததும் பேஜ் ஃபைலையும் சிஸ்டம் புரொடெக்ஷனையும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். பிறகு இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து விண்டோஸ் ஒழுங்காக எழும்புகிறதா என்று பாருங்கள். ஒரு மாற்றம் உறுதியான பிறகே அடுத்த மாற்றம்.

கிடைத்த இடத்தை என்ன செய்வது?

இப்போது சி டிரைவுக்கும் லினக்ஸுக்கும் நடுவில் 100 ஜிபி வெற்றிடம் கிடக்கிறது. அது லினக்ஸின் இடப்பக்கம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். விண்டோஸ் முதலில் வந்து, லினக்ஸ் பின்னால் நிறுவப்பட்ட கணினிகளில் பெரும்பாலும் இப்படித்தான் அமையும். இந்த வெற்றிடத்தை லினக்ஸோடு ஒட்டவைக்க வேண்டுமென்றால் அதன் இடது ஓரத்தை அசைத்தே ஆக வேண்டும்.

ஒட்டவைக்க வேண்டியதில்லை. அந்த வெற்றிடத்தில் புதிய பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, அதை லினக்ஸுக்குள் ஒரு கோப்புறையாக இணைத்துவிடலாம். விண்டோஸ் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இது எளிதில் தோன்றுவதில்லை. லினக்ஸில் தனி டிரைவ் எழுத்துகள் கிடையாது. எந்தப் பார்ட்டிஷனையும் எந்தக் கோப்புறையின் இடத்திலும் பொருத்தலாம். இடத்தைத் தின்றுகொண்டிருப்பது எது என்று 'டிஸ்க் யூசேஜ் அனலைசர்' காட்டும். மாணவிக்கு அது விர்ச்சுவல் இயந்திரங்களும் செயற்கைக்கோள் படங்களும். இரண்டும் சேர்ந்து 90 ஜிபி. அவற்றைப் புதிய பார்ட்டிஷனுக்கு மாற்றியதும் லினக்ஸுக்கு மூச்சு வந்துவிட்டது. பழைய 150 ஜிபி பார்ட்டிஷனின் இரண்டு ஓரமும் அசையவில்லை.

செய்முறை இது. லினக்ஸில் ஜிபார்ட்டடையோ டிஸ்க்ஸ் செயலியையோ திறந்து, 'அன்அலகேட்டட்' என்ற வெற்றிடத்தைத் தேர்ந்தெடுங்கள். அளவை உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். அதில் புதிய பார்ட்டிஷன், கோப்பு அமைப்பு லினக்ஸில் வழக்கமான இஎக்ஸ்டி4. பிறகு டிஸ்க்ஸ் செயலியில் அந்தப் பார்ட்டிஷனின் பல்சக்கரக் குறியைத் திறந்து 'எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ்' போய், தொடங்கும்போதே இணையும்படி குறியிட்டு, எந்தக் கோப்புறையில் இணைய வேண்டும் என்பதையும் எழுதுங்கள். புதிய இஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் முதலில் நிர்வாகிக்குச் சொந்தமாக இருக்கும். அதே மெனுவில் 'டேக் ஓனர்ஷிப்' கொடுத்தால் நீங்களும் எழுதலாம். ரீஸ்டார்ட் செய்து, ஒரு சிறிய கோப்பை எழுதிப் பார்த்த பிறகு பெரிய கோப்புறைகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

உங்கள் லினக்ஸ் எல்விஎம் (பல பார்ட்டிஷன்களை ஒரே தொகுப்பாக்கும் முறை) மீது நிறுவப்பட்டிருந்தாலோ பிடிஆர்எஃப்எஸ் கோப்பு அமைப்பில் இருந்தாலோ இன்னும் நல்லது. ஃபெடோரா டெஸ்க்டாப் 2020இல் வந்த 33ஆம் பதிப்பு முதல் பிடிஆர்எஃப்எஸ்தான். இந்த இரண்டிலும் புதிய பார்ட்டிஷனைப் பழைய தொகுப்போடு சேர்த்து ஒரே பெரிய இடமாக ஆக்க முடியும். அங்கேயும் இடது ஓரம் அசையாது.

இடது ஓரத்தை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால்

சில நேரம் வேறு வழி இருக்காது. லினக்ஸுக்கு 20 ஜிபிதான் முதலில் ஒதுக்கப்பட்டது, அப்டேட்டே இறங்கவில்லை என்ற நிலை அப்படிப்பட்டது. அதற்கு நான் சொல்லும் முதல் மாற்று, லினக்ஸைப் பேக்கப் எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவது. ஒரு மணி நேர வேலை, விளைவும் தெளிவு. அதுவும் முடியாது என்றால் மட்டும் நகர்த்துங்கள்.

இதை இயங்கிக்கொண்டிருக்கும் லினக்ஸிலிருந்து செய்ய முடியாது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற செயலியைக் கொண்டு லினக்ஸ் மின்ட்டை எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். ஜிபார்ட்டட் அதிலேயே இருக்கும். பூட் பட்டியலுக்கு டெல், லெனோவோ கணினிகளில் எஃப்12, எச்பியில் எஃப்9. வட்டில் ஸ்வாப் பார்ட்டிஷன் (நினைவகத்துக்குத் துணையாக லினக்ஸ் பயன்படுத்தும் இடம்) இருந்தால் அதன் அருகே பூட்டுச் சின்னம் தெரியும். வலது கிளிக் செய்து 'ஸ்வாப்ஆஃப்' கொடுங்கள்.

ஒவ்வொரு பார்ட்டிஷனின் மேலும் வலது கிளிக் செய்து 'இன்ஃபர்மேஷன்' திறந்து, முதல் செக்டர், கடைசி செக்டர், யூயூஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) மூன்றையும் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிஷன் அட்டவணை கெட்டுப்போனால் மீட்க இந்த எண்கள்தான் உதவும்.

பிறகு லினக்ஸ் பார்ட்டிஷனில் 'ரீசைஸ்/மூவ்'. மூன்று பெட்டிகள் வரும்: முன்னால் உள்ள வெற்றிடம், புதிய அளவு, பின்னால் உள்ள வெற்றிடம். முதல் பெட்டியின் எண் மாறினால் இடது ஓரம் அசைகிறது என்று பொருள். விரிவாக்கம் வலப்பக்கம் மட்டும் என்றால் அந்த எண்ணைத் தொடவே கூடாது. சீரமைப்பு 'எம்ஐபி' என்றே இருக்கட்டும். எதுவும் உடனே நடந்துவிடாது. கீழே பட்டியலில் காத்திருக்கும். ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படியுங்கள், தாளோடு ஒப்பிடுங்கள், அதன் பிறகு பச்சைக் குறி. நகர்த்தினால் இயங்குதளம் எழும்பாமல் போகலாம் என்று ஜிபார்ட்டடும் ஒருமுறை எச்சரிக்கும். தொடங்கிய பிறகு கேன்சல் பொத்தானைத் தொடாதீர்கள். வரி நகராமல் வெகுநேரம் நின்றாலும் வட்டு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. அடுப்பில் ஒன்றும் வைத்துவிட்டு வராதீர்கள், அருகிலேயே இருங்கள். முடிந்ததும் 'சேவ் டீடெயில்ஸ்' கொடுத்துப் பதிவைப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு எழக்கூடிய சிக்கல்கள்

அளவு மாற்றுவதால் மட்டும் பார்ட்டிஷனின் யூயூஐடி மாறாது. அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினால் மாறும். ஸ்வாப்பை அழித்து வேறு இடத்தில் உருவாக்கியவர்களுக்கு, லினக்ஸ் தொடங்கும்போது ஒன்றரை நிமிடம் காத்து நிற்கும் தொல்லை இதனால்தான் வருகிறது. பழைய எண்ணைத் தேடிக் காத்திருக்கிறது. எந்தப் பார்ட்டிஷன் எங்கே இணைய வேண்டும் என்று லினக்ஸ் குறித்து வைத்திருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய யூயூஐடிக்குப் பதில் புதியதை எழுதினால் சரியாகிவிடும்.

யூஇஎஃப்ஐ கணினியில், எந்த இயங்குதளம் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் கிரப் பட்டியல் வராமல் நேராக விண்டோஸ் எழும்பினால், பயப்பட ஒன்றுமில்லை. பயாஸில் பூட் வரிசையில் விண்டோஸ் முன்னால் வந்திருக்கும். லினக்ஸை மேலே ஏற்றுங்கள். பழைய எம்பிஆர் கணினியில் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றால், பார்ட்டிஷன் எண்கள் மாறியிருக்கலாம். நான்குக்கு மேல் பார்ட்டிஷன் வைக்க எம்பிஆரில் இருக்கும் எக்ஸ்டெண்டட் பகுதிக்குள் ஒன்றை அழித்தால் அதற்குப் பின்னால் உள்ளவற்றின் எண் ஒன்று குறைந்துவிடும். பென் டிரைவிலிருந்து தொடங்கி, பூட் ரிப்பேர் கருவி மூலம் கிரப்பை மறுபடி நிறுவினால் போதும். தரவு பத்திரமாகத்தான் இருக்கும். இந்த நேரத்தில் பதற்றத்தில் ஃபார்மேட் செய்துவிடுவதால்தான் உண்மையான இழப்பு நேர்கிறது.

எதிர்த் திசையில் இடம் வேண்டும் என்றால்

லினக்ஸிலிருந்து எடுத்து விண்டோஸுக்குக் கொடுக்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். சி டிரைவ் தனக்கு உடனடி வலப்பக்கத்தில் வெற்றிடம் இருந்தால்தான் விரியும். அங்கே லினக்ஸின் இடது ஓரம் நிற்கிறது. சுருக்குவதென்றாலும் அந்த ஓரத்தை அசைக்க வேண்டும். இங்கேயும் அதே உத்தி: பென் டிரைவிலிருந்து தொடங்கி லினக்ஸின் வலது ஓரத்தை உள்ளே தள்ளுங்கள். இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனை இணைப்பு நீக்கிய நிலையில் சுருக்கலாம். கோப்பு அமைப்பு எக்ஸ்எஃப்எஸ் என்றால் சுருக்கவே முடியாது, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கிடைத்த வெற்றிடத்தில் விண்டோஸின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸில் பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கினால், விண்டோஸில் டி டிரைவாக வந்து நிற்கும். படங்களையும் பெரிய கோப்புகளையும் அங்கே மாற்றிவிட்டால் சி டிரைவ் தானாகவே இளகும்.

வலக்கோடியில் இருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷன் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றி அதை அழிக்கப் பலருக்கும் கை துறுதுறுக்கும். பெரும்பாலும் ஒரு ஜிபிகூட இருக்காது. விண்டோஸ் எழும்பாத நாளில் பழுது பார்க்கும் கருவிகள் அதற்குள்தான் இருக்கின்றன. அதைத் தொடாமல், அதன் இடது ஓரம் வரை உள்ள இடத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். வெளி வட்டில் எடுத்த பேக்கப்பை, இரண்டு இயங்குதளங்களிலும் குறைந்தது ஒரு வாரம் வேலை செய்து பார்க்கும் வரை அழிக்காமல் வைத்திருங்கள்.